ராஜபாளையம் டூ ஸ்ரீவில்லிபுத்தூர் டிரான்ஸ்ஃபர்: வீட்டுச் சாமான் கொண்டு போக எவ்வளவு பணம் கிடைக்கும்? '20 கி.மீ.' கணக்கு என்ன?

டிரான்ஸ்ஃபர் ஆர்டர் கைக்கு வந்ததும் மத்திய அரசு ஊழியர் வீட்டில் எழும் முதல் கேள்வி, "சாமான் ஏத்திட்டுப் போற செலவை ஆபீஸ்ல தருவாங்களா?" என்பதுதான். தருவாங்க. ஆனால் எவ்வளவு என்பதை உங்க பே லெவலும், ரெண்டு ஊருக்கும் நடுவில் உள்ள தூரமும்தான் முடிவு செய்யும்.

7-வது ஊதியக்குழுவுக்குப் பிறகு, 2017 ஜூலை 13-ம் தேதி மத்திய நிதி அமைச்சகம் வெளியிட்ட உத்தரவுதான் இப்போதைய அடிப்படை. இதில் பணம் ரெண்டு வகையாக வருது.

முதலாவது, பேக்கிங் உள்ளிட்ட செலவுக்கான இடமாற்ற மானியம். கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம். லெவல் 4-ல் 25,500 ரூபாய் வாங்கும் தபால் உதவியாளர் ராஜபாளையத்தில் இருந்து மதுரைக்குப் போனால் 20,400 ரூபாய் கிடைக்கும். அதே நபர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனால்? அங்கதான் சிக்கல். ரெண்டு ஊருக்கும் தூரம் சுமார் 12 கிலோமீட்டர்தான். 20 கிலோமீட்டருக்குள் என்றால் மூணுல ஒரு பங்கு, அதாவது 6,800 ரூபாய் மட்டுமே. அதுவும் நிஜமாகவே வீடு மாறியிருக்கணும். பழைய வீட்டில் இருந்தே தினமும் பஸ்ஸில் போய் வந்தால் இந்த மானியம் இல்லை. வீட்டைக் காலி பண்ணும் வேலை 12 கிலோமீட்டருக்கும் 85 கிலோமீட்டருக்கும் ஒண்ணுதான். விதி அப்படிப் பார்ப்பதில்லை.

ரெண்டாவது, சாமான் ஏற்றிச் செல்லும் வாடகை. லெவல் 6 மற்றும் அதற்கு மேல் 6,000 கிலோ வரை, லெவல் 5-க்கு 3,000 கிலோ, லெவல் 4 மற்றும் அதற்குக் கீழ் 1,500 கிலோ. சாலை வழியாகக் கொண்டு போனால் கிலோமீட்டருக்கு முறையே 50, 25, 15 ரூபாய் என உச்சவரம்பு இருந்தது. அகவிலைப்படி 50 சதவீதம் உயரும்போது இது 25 சதவீதம் கூடும் என்பது அந்த உத்தரவிலேயே உள்ளது. 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதால் வரம்பு 62.50, 31.25, 18.75 ரூபாயாகிறது. மதுரை வரை சுமார் 85 கிலோமீட்டர் என்று வைத்தால், லெவல் 4 ஊழியருக்கு அதிகபட்சம் 1,594 ரூபாய் வரும். குட்டி யானை வண்டிக்காரர் இதைவிட அதிகம் கேட்டால் மீதி உங்க பாக்கெட்டில் இருந்துதான்.

வண்டி வாடகைக்கு ரசீது கட்டாயம். வாய்ப்பேச்சில் வாடகை பேசி, பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு வந்தால் க்ளெய்ம் நிற்காது. பயணம் முடிந்த 60 நாட்களுக்குள் பில் போடணும். சொந்த விருப்பத்தில் கேட்டு வாங்கிய டிரான்ஸ்ஃபருக்குப் பொதுவாக இந்தப் படிகள் கிடையாது.

ஓய்வு பெறுபவர்களுக்கு மட்டும் நல்ல செய்தி. 2022 ஜனவரி 6-ம் தேதி உத்தரவுப்படி அவங்களுக்கு 20 கிலோமீட்டர் நிபந்தனை நீக்கப்பட்டுவிட்டது. ராஜபாளையத்தில் ரிட்டயர் ஆகி ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியேறினாலும், வீடு மாறியதற்கு உறுதிச் சான்று கொடுத்தால் முழு 80 சதவீதம் கிடைக்கும். க்ளெய்ம் செய்யவும் 180 நாள் அவகாசம் உண்டு.

இது எல்லாம் மத்திய அரசு ஊழியர்களுக்கு. தமிழக அரசு ஊழியர்களுக்குத் தமிழ்நாடு பயணப்படி விதிகள் தனி.