படைவீரர்களுக்கான ஊனமுற்றோர் ஓய்வூதியம்: சதவீதம் எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது?

முப்படைகளில் பணியாற்றும் ஒருவர் காயத்தாலோ நோயாலோ பணியைத் தொடர இயலாமல் விடுவிக்கப்படும்போது, மருத்துவ வாரியம் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுகிறது. அந்த ஊனம் இராணுவப் பணியால் ஏற்பட்டதா அல்லது பணியால் தீவிரமடைந்ததா என்பது முதல் கேள்வி. அது எத்தனை சதவீதம் என்பது இரண்டாவது கேள்வி. பொதுவெளியில் பெரிதும் பேசப்படுவது சதவீதம்தான் என்றாலும், முதல் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதப்பட்டுவிட்டால் சதவீதத்திற்குப் பொருளே இருப்பதில்லை.

ஊனமுற்றோர் ஓய்வூதியம் இரு கூறுகளைக் கொண்டது. ஒன்று, பணிக்காலத்திற்கான கூறு. மற்றொன்று, ஊனத்திற்கான கூறு. சாதாரணமாக ஒரு சிப்பாய் ஓய்வூதியம் பெறுவதற்கு 15 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். ஆனால், பணியோடு தொடர்புடைய ஊனம் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, அதன் காரணமாக அவர் வெளியேற்றப்பட்டால், இந்தக் குறைந்தபட்சப் பணிக்கால நிபந்தனை பொருந்தாது. இரு கூறுகளும் அவருக்கு வாழ்நாள் முழுவதும் கிடைக்கும். அதே வீரரின் நோய் பணியோடு தொடர்பற்றது எனப் பதிவானால், அவர் உடல்தகுதி இழந்தோருக்கான ஓய்வூதியத்தை மட்டுமே கோர முடியும். அதற்கும் 10 ஆண்டுப் பணி கட்டாயமாக இருந்தது. அதை எட்டாதவர்கள் ஒருமுறை வழங்கப்படும் பணிக்கொடையுடன் வீடு திரும்பினர். இந்த 10 ஆண்டு நிபந்தனையை மத்திய அரசு 2020 ஜூலையில் தளர்த்தியது. எனினும் 2019 ஜனவரி 4 அன்றோ அதன் பின்னரோ பணியில் இருந்தவர்களுக்கே அந்தத் தளர்வு பொருந்தும்.

இதனால்தான் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் நடைபெறும் வழக்குகள் பலவற்றிலும் சதவீதத்தை விடக் காரணமே முதன்மையான சர்ச்சையாக உள்ளது. குண்டடி பட்ட காயத்திற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. வலிப்பு, மனநலப் பாதிப்பு, இதய நோய், உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றில் எல்லை அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. 'உடலமைப்பைச் சார்ந்த நோய். பணியோடு தொடர்பில்லை' என்ற ஒற்றை வரியில் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட நிகழ்வுகள் ஏராளம்.

இவ்வகை நிராகரிப்பு பற்றி உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் அளித்த தீர்ப்பு இன்றளவும் முன்னோடியாக மேற்கோள் காட்டப்படுகிறது. தகவல் தொடர்புப் படைப்பிரிவில் 1985-ஆம் ஆண்டு சேர்ந்த ஒரு வீரர், வலிப்பு நோயால் 20 சதவீத நிரந்தர ஊனம் எனக் கணிக்கப்பட்டு 1994-இல் வெளியேற்றப்பட்டார். நோய் பணியால் வந்ததல்ல என்று கூறி அவருக்கு ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. படையில் சேரும்போது நடைபெறும் மருத்துவப் பரிசோதனையில் எந்த நோயும் குறிக்கப்படவில்லை என்றால், அவர் முழு உடல்நலத்துடனேயே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும் என நீதிமன்றம் கூறியது. பின்னர் தோன்றும் நோய் பணியோடு தொடர்பற்றது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு நிர்வாகத்தையே சாரும். வாரியம் அதற்கான காரணங்களைப் பதிவு செய்தாக வேண்டும். ஐயம் எழுந்தால் அதன் பலன் வீரருக்கே என்றும் தீர்ப்பு தெளிவுபடுத்தியது. 2014-ஆம் ஆண்டின் மற்றொரு தீர்ப்பில், ஊனத்தின் காரணமாக ஒருவரைப் படையே வெளியேற்றுகிறது என்றால் அந்த ஊனம் 20 சதவீதத்திற்கு மேற்பட்டது என்றே கொள்ள வேண்டும் என உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. 19 சதவீதம் என்று எழுதி அனுப்பும் வழக்கத்திற்கு இது தடையாக அமைந்தது.

சதவீதம் தொகையாக மாறும் முறை எளிதானது. 100 சதவீத ஊனத்திற்கு, இறுதியாகப் பெற்ற ஊதியத்தில் 30 சதவீதம் ஊனக் கூறாக வழங்கப்படும். ஊனம் குறைந்தால் தொகையும் அதே விகிதத்தில் குறையும். இங்கு 'அகன்ற அடுக்கு' எனப்படும் முழுமைப்படுத்தும் முறை பெரும் வேறுபாட்டை உண்டாக்குகிறது. இதன்படி 50 சதவீதத்திற்குக் குறைந்த ஊனம் 50 ஆகவும், 50 முதல் 75 வரையுள்ளது 75 ஆகவும், அதற்கு மேற்பட்டது 100 ஆகவும் கொள்ளப்படும். எடுத்துக்காட்டாக, இறுதி ஊதியம் ரூ.40,000 எனில் முழு ஊனத்திற்கான கூறு ரூ.12,000. 20 சதவீத ஊனத்திற்கு விகிதப்படி ரூ.2,400 மட்டுமே கிடைக்கும். அடுக்கு முறையில் அது ரூ.6,000 ஆகிறது. இத்துடன் அகவிலை நிவாரணமும் சேரும். 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இச்சலுகை தொடக்கத்தில் ஊனத்தால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டுமே தரப்பட்டது. பணிக்காலம் முடித்து ஊனத்துடன் ஓய்வு பெற்றவர்களுக்கும் இது உண்டு என 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

போரில் ஏற்பட்ட காயத்திற்கான ஓய்வூதியம் தனி வகை. அதைப் பெறுபவர் பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றால், முழு ஊனத்திற்கு 30-க்குப் பதிலாக 60 சதவீதம் கணக்கிடப்படும். காயத்தாலேயே வெளியேற்றப்பட்டால் இறுதி ஊதியம் முழுவதும் அளவுகோலாகக் கொள்ளப்படும்.

ஏழாவது ஊதியக் குழு இந்தச் சதவீத முறையை மாற்றி, முழு ஊனத்திற்கு அதிகாரிகளுக்கு ரூ.27,000, இளநிலை ஆணைய அதிகாரிகளுக்கு ரூ.17,000, பிற நிலையினருக்கு ரூ.12,000 என நிலையான தொகையைப் பரிந்துரைத்தது. படைகளின் கடும் எதிர்ப்பைத் தொடர்ந்து, 2017 மே மாதம் மத்திய அமைச்சரவை சதவீத முறையையே தக்கவைத்தது.

ஆனால் விவாதம் அத்துடன் ஓயவில்லை. ஓய்வு பெறும் அதிகாரிகளில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் வரையிலும், பிற நிலையினரில் 18 சதவீதம் பேர் வரையிலும் ஊனமுற்றோர் ஓய்வூதியம் பெறுவதாக சிஏஜி அறிக்கை 2023-இல் சுட்டிக்காட்டியது. வாழ்க்கைமுறை நோய்களின் பங்கையும் அது கேள்விக்குள்ளாக்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 21 முதல் பாதுகாப்பு அமைச்சகம் புதிய தகுதி விதிகளை நடைமுறைப்படுத்தியது. ஊனத்துடன் பணியில் தொடர்ந்து ஓய்வு பெறுவோருக்கான தொகைக்கு 'குறைபாட்டு நிவாரணம்' என்ற புதிய பெயர் இதில் இடப்பட்டது. முறைகேடாகக் கோருவோரைத் தடுப்பதே நோக்கம் என்பது அரசுத் தரப்பு. முன்னாள் படைவீரர் அமைப்புகளோ, குடும்பத்தைப் பிரிந்து, விடுப்பும் உறக்கமும் குறைந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் பணியாற்றுபவரின் இரத்த அழுத்தத்தை வெறும் வாழ்க்கைமுறை நோய் என்று ஒதுக்க முடியாது என்கின்றன. சிலர் தவறாகப் பயன்படுத்துவது உண்மையாகவே இருந்தாலும், விதி இறுகும்போது அதன் சுமை சிப்பாய்களின் மீதும் விழவே செய்யும். அதிகாரியைப் போல வழக்கறிஞரை அமர்த்தும் வசதி அவர்களில் பலருக்கு இல்லை.

இந்தக் கட்டமைப்பிற்கு வெளியே நிற்போரும் உள்ளனர். அக்னிவீரர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. பணியோடு தொடர்புடைய ஊனத்திற்கு 100, 75, 50 சதவீதம் என்ற படிநிலைப்படி முறையே ரூ.44 லட்சம், ரூ.25 லட்சம், ரூ.15 லட்சம் ஒருமுறை கருணைத்தொகையாக வழங்கப்படுகிறது. அதிகாரிப் பயிற்சியின்போது காயமுற்று விலக்கப்படும் பயிற்சி வீரர்கள் முன்னாள் படைவீரர்களாகவே கருதப்படுவதில்லை. மாதாந்திரக் கருணைத்தொகை மட்டுமே பெறுகின்றனர். அவர்களது நிலையை உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர் ஆறு மாதங்களுக்குள் முதல் மேல்முறையீட்டையும், அதுவும் ஏற்கப்படாவிட்டால் இரண்டாவது மேல்முறையீட்டையும் துறைசார் குழுக்களிடம் செய்யலாம். அடுத்து ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். 2009 முதல் இயங்கும் இதற்குத் தில்லியில் முதன்மை அமர்வும், சென்னை, கொச்சி, சண்டிகர், லக்னோ உள்ளிட்ட நகரங்களில் மண்டல அமர்வுகளும் உள்ளன. படையில் சேர்ந்தபோதைய மருத்துவப் பதிவும், விடுவிப்பு மருத்துவ வாரியத்தின் அறிக்கை நகலும் இவ்வழக்குகளில் அடிப்படைச் சான்றுகளாகும். நகல் கையில் இல்லாதவர்கள் தங்கள் படைப்பிரிவின் ஆவணக் காப்பு அலுவலகத்திடம் விண்ணப்பித்தோ, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகவோ கோரலாம்.