ஒட்டுப்பாலும் ஒட்டுத்துணியும்



தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளின் அடியில் நிற்கும்போது நம் கண் காவடிகளைத்தான் முதலில் நாடும். அதைச் சற்று விலக்கி, கரும்புத் தொட்டில் கட்டி வருகிறவர்களைப் பாருங்கள். பிள்ளை வரம் வேண்டிப் பெற்றவர்கள், கரும்பைத் தோளில் தாங்கி, அதில் மஞ்சள் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, அதற்குள் குழந்தையைக் கிடத்தி மெல்லப் படியேறுகிறார்கள். அந்தச் சேலை பிறகு என்ன ஆகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சில மாதங்கள் அது வீட்டுத் தொட்டிலாகத் தொங்குகிறது. பிறகு மடித்துப் போட்டுப் படுக்கவும், போர்த்திக்கொள்ளவும் ஆகிறது. பிறகு தலையணை உறை, அதன் பிறகு சட்டி இறக்கும் பிடிதுணி. மிச்சம் இருந்தால் அது ஒரு மூட்டைக்குள் போய்ச் சேர்கிறது.

அந்த மூட்டையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். நம் வீடுகள் பலவற்றில் அது உண்டு. தோட்டத்து லயத்தில் பரண்மேல் இருந்தது, இன்று அடுக்குமாடி வீட்டில் கட்டிலுக்கடியில் இருக்கிறது. இரவிக்கை தைத்த வெட்டுத்துணி, பள்ளிச் சீருடையின் கால்பகுதி, தாத்தாவின் பழைய கைலி, திருமணத்தில் கிழிந்துபோன பட்டுக்கரை எல்லாம் அதற்குள் கிடக்கும். "இந்தத் தீபாவளிக்குள் ஒரு போர்வையாகத் தைத்துவிட வேண்டும்" என்று சொல்லாத ஆண்டில்லை. தைத்து முடித்த ஆண்டு எத்தனை என்று கேட்டால் நாமும் தலைகுனிய வேண்டியதுதான்.

இதில் வியப்பு என்னவென்றால், மிச்சத்தை வீணாக்காமல் இருக்கத் தோட்டத்து மக்களுக்கு ஒருவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பெரட்டு முடிந்து நிரைக்குப் போனதும் முதல் வேலை என்ன? முதல் நாள் வெட்டிய வாயில் நூல்போல உறைந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போட்டுக்கொள்வது. அதன் பிறகுதான் மரத்தில் கத்தி படும். மங்கின் அடியில் உறைந்தது கட்டிப்பால். அதையும் விடுவதில்லை. நல்ல பாலுக்கு ஒரு கணக்கு, ஒட்டுப்பாலுக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியே நிறுத்தார்கள். ஆலையில் அதை அரைத்துப் பழுப்பு நிறக் கிரேப் ரப்பராக்கி விற்றார்கள். மரத்தில் ஒட்டிய இழைகூடக் கப்பலேறிக் காசாயிற்று.

ஒட்டுப்பாலுக்கு அன்றாடம் ஒரு நேரம் இருந்தது, ஒரு நிறுவை இருந்தது. ஆகவே அது குவியவில்லை. ஒட்டுத்துணிக்கு அப்படி நேரமும் இல்லை, அளவும் இல்லை. ஆகவே அது மூட்டையாயிற்று. வேறுபாடு இவ்வளவுதான் என்பது எங்கள் எண்ணம். துணியின் வரலாற்றைப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது.

ஒட்டுத்துணிப் போர்வையை வெள்ளைக்காரர் கைவேலை என்று நம்மில் சிலர் நினைப்பதுண்டு. ஆனால் இங்கிலாந்தில் இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய ஒட்டுப் போர்வைகளில் ஒன்று லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் இருக்கிறது. அது ஏறத்தாழ 1708-இல் தைக்கப்பட்டது. தைத்த துணியோ இந்தியச் சீட்டி! சோழமண்டலக் கரையில் நெய்து வண்ணம் எழுதிய துணிக்கு அந்நாளில் ஐரோப்பாவில் அவ்வளவு மோகம். தம் நெசவாளர் பிழைப்புக் கெடுகிறதென்று இங்கிலாந்து 1700-இல் ஒரு சட்டமும் 1721-இல் இன்னும் கடுமையான ஒரு சட்டமும் போட்டு இந்த அச்சுத் துணிகளைத் தடுத்தது. தடை 1774 வரை நீடித்தது. கிடைக்காத பொருளின் துண்டுக்குக்கூட விலை ஏறும் அல்லவா? விரலகலத் துண்டையும் எறியாமல் சேர்த்துத் தைத்தார்கள். நம் கரையின் துணி இந்தப் பக்கமும் வந்தது. மலாய்க்காரர் உடுத்தும் கட்டம்போட்ட கைன் பெலேக்காட், பழவேற்காடு என்ற துறைமுகத்தின் பெயரால் வந்ததே. நம் அப்பாமார் கைலியைக் கிழித்து ஒட்டுப்போட்டபோது, முந்நூறு ஆண்டு வாணிபத்தின் ஒரு துண்டைத்தான் கையில் வைத்திருந்தார்கள்.

இனி 1942-ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஓர் ஆண்டில் மூன்று இடங்களில் கந்தல் துணிக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்பது நமக்குப் பயன்படும்.

முதல் இடம் சிங்கப்பூர், சாங்கி சிறை. பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் மாதத்தில் சுமார் 400 பெண்களையும் குழந்தைகளையும் ஜப்பானியர் நடத்தியே சாங்கிக்குக் கொண்டுபோனார்கள். தாதியர், ஆசிரியைகள், அதிகாரிகளின் மனைவியர் இவர்களோடு மலாயாவின் தோட்டத் துரைமார் வீட்டுத் துரைசானிகளும் அதில் இருந்தனர். யாருடைய வீட்டுத் துணியை நம் பாட்டிமார் துவைத்தார்களோ, அவர்களே இப்போது மாற்றுத்துணிக்கு ஏங்கினார்கள். கணவன்மார் வேறு முகாம்களில். உயிரோடு இருக்கிறார்களா என்பதே தெரியாது.

அங்கே எத்தல் மல்வேனி என்ற கனடா நாட்டுப் பெண்மணி ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொருத்தருக்கும் ஒரே அளவான ஒரு சதுரத் துணி. அதில் தன்னைப் பற்றி ஏதேனும் ஒன்றை நூலால் வரைந்து, பெயரையும் தைத்துத் தர வேண்டும். ஒருவர் தம் வீட்டை வரைந்தார், ஒருவர் மலரை, ஒருவர் சிறை அறையையே வரைந்தார். 66 சதுரங்கள் சேர்ந்து ஒரு போர்வை. இப்படி மூன்று போர்வைகள் சில மாதங்களுக்குள் முடிந்தன. காயம்பட்ட பிரிட்டிஷ் வீரருக்கு ஒன்று, ஆஸ்திரேலியருக்கு ஒன்று, ஜப்பானியருக்கும் ஒன்று. பகைவனுக்கும் ஒன்று தைத்தது மற்ற இரண்டும் தடையின்றி வெளியே போகட்டும் என்ற முன்யோசனை என்பர். பின்பக்கத்தில், இந்தப் போர்வையை உலர்சலவை செய்வது நலம் என்றும் தைத்திருக்கிறார்கள். குளிக்கத் தண்ணீர் போதாத சிறையில் இருந்துகொண்டு சலவைக் குறிப்பு எழுதிய அந்தப் பெண்களின் துணிச்சலை நாம் மெச்சாமல் இருக்க முடியாது.

அதே சிறையில் எட்டு முதல் பதினாறு வயதுவரையுள்ள சாரணச் சிறுமிகள் சுமார் இருபது பேர், தங்கள் தலைவி எலிசபெத் என்னிஸ் அம்மையாரின் பிறந்த நாளுக்கென்று மறைவாக ஒரு போர்வை தைத்தார்கள். அறுகோணத் துண்டுகள். நூலுக்குப் பழைய உடையைப் பிரித்தார்கள். அது இன்று லண்டனில் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெண்களின் போர்வைகளில் ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும், மற்ற இரண்டும் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவின் போர் நினைவகத்திலும் உள்ளன. 400 பேர் அடைபட்ட இடத்தில் 'பெரிய போர்வை ஒன்று தைப்போம்' என்று யாரும் கிளம்பவில்லை. ஆளுக்கு ஒரு சதுரம் என்று வைத்தார்கள். ஒரு பிறந்த நாளைக் குறியாக வைத்தார்கள். ஆகவே முடிந்தது.

இரண்டாவது இடம் அமெரிக்காவின் அலபாமா மாநிலம், கீஸ் பெண்ட் என்ற சிற்றூர். ஆற்றின் வளைவுக்குள் அடங்கிய பழைய பருத்தித் தோட்டம் அது. 1816-இல் ஜோசப் கீ என்பவர் அடிமைகளைக் கொண்டு தொடங்கினார். 1845-இல் மார்க் பெட்வே என்பவர் கைக்கு மாறியது. அடிமைத்தனம் ஒழிந்த பின்னும் மக்கள் அங்கேயே குத்தகைக்கு உழுதனர். முதலாளியின் பெட்வே என்ற பெயரே பல குடும்பங்களின் பெயராக ஒட்டிக்கொண்டது. தோட்டத்தின் பெயரைச் சொல்லியே ஆளை அடையாளம் காட்டிய நமக்கு இது புரியாத செய்தியன்று. 1932-இல் கடன் கொடுத்தவரின் குடும்பம் ஆள் அனுப்பி, அவ்வூரார் பலரின் மாடு, கலப்பை, தானியம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. குளிர்காலத்தில் பலகைச் சுவரின் இடுக்கில் காற்று புகும். போர்த்திக்கொள்ளப் போர்வை இல்லையேல் பிள்ளைகள் பிழைப்பது அரிது. துண்டுகளை ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் தனியாகவே இணைப்பாள். அடித்துணி வைத்து ஓட்டுத்தையல் போடும்போது பக்கத்து வீட்டார் கூடிவிடுவார்கள்.

அவ்வூரில் மிசௌரி பெட்வே என்ற பெண்மணி, கணவர் இறந்த பிறகு, 1942-இல் அவருடைய வேலைச் சட்டைகளையும் கால்சட்டைகளையும் பிரித்து, மகளின் துணையோடு ஒரு போர்வை தைத்தார். வெயிலில் வெளுத்த துணி, முழங்காலில் தேய்ந்த துணி, இடையிடையே சாக்குத்துணி. கணவரின் நினைவைப் போர்த்திக்கொண்டு உறங்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். அந்தப் போர்வை இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. 2002-இல் அவ்வூர்ப் பெண்களின் போர்வைகளை ஹூஸ்டன் நகரிலும் பிறகு நியூயார்க்கிலும் ஓவியம்போல் சுவரில் மாட்டிக் காட்டினார்கள். 2006-இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றை அஞ்சல்தலையாக வெளியிட்டது. இடையில் இன்னொன்றும் நடந்தது. 1966-இல் அவ்வட்டாரப் பெண்கள் ஒரு கூட்டுறவு அமைத்து, 1972 முதல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கோர்டுராய்த் தலையணை உறை தைத்துக் கொடுத்தார்கள். அந்த வேலையில் மிஞ்சிய வெட்டுத்துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து அதையும் போர்வையாக்கிவிட்டார்கள். ஒட்டுப்பால் பொறுக்கிய கைக்கும் அந்தக் கைக்கும் அதிக தூரமில்லை.

மூன்றாவது இடம் நம்முடையது. ஜப்பான்காரன் காலத்தில் கப்பல் நின்றதும் துணி வருவது நின்றது. ரப்பருக்கு விலையில்லை. மரவள்ளிக் கிழங்கே சோறு. கோணியைக் கத்தரித்துச் சட்டையாகவும் பாவாடையாகவும் உடுத்திய கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கோணி உராய்ந்து இடுப்பில் புண் வந்ததென்பார்கள். 1943-இல் நம் ஆண்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாமுக்கு, அந்த 415 கிலோமீட்டர் ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். மிகப் பலர் திரும்பவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற சட்டை, வேட்டி லயத்துக் கொடியில் தொங்கியிருக்கத்தானே வேண்டும்? மிசௌரி அம்மையாருக்கு இருந்த அதே துயரம், அதே கந்தல், அதே ஊசி நம் பெண்களிடமும் இருந்தன. அவர்கள் தைத்தும் இருப்பார்கள். ஆனால் அப்படி ஒரு போர்வையை எந்த அருங்காட்சியகத்திலும் நாங்கள் கண்டதில்லை. தைத்தது உடலில் தேய்ந்து, பிள்ளைக்கு அடித்துணியாகி, பெயரில்லாமல் போயிற்று. சாங்கியில் வாடிய பெண்களைவிட நம்மவர் துன்பம் குறைந்ததன்று. அங்கே துணியில் பெயர் இருந்தது, இங்கே இல்லை.

வேலையை முடிப்பதென்பது எது என்பதில் ஒரு சிறு செய்தி. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் பழந்துணியால் 'கவந்தி' என்ற போர்வை தைக்கும்போது ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி வருவார்கள். கடைசியில் நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து 'பூலா', அதாவது பூ, வைப்பார்கள். அந்தப் பூ இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்களாம். மற்ற வேலை முழுதும் ஆகியிருந்தாலும் அவர்கள் கணக்கில் அது முடியாத வேலைதான்.

சரி, நம் மூட்டைக்கு வருவோம். எட்டு அங்குலச் சதுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தையலுக்கு நாற்புறமும் கால் அங்குலம் சேர்த்து எட்டரை அங்குலம். ஓர் அட்டையை அந்த அளவில் வெட்டி வைத்துக்கொண்டால் அளவுகோல் தேட வேண்டாம். வெட்டுத்துணி சிறிதாக இருந்தால் இரண்டு மூன்றை முதலில் இணைத்துக்கொண்டு பிறகு அட்டையை வைத்து வெட்டலாம். குறுக்கே ஐந்து, நெடுக்கே ஆறு, ஆக 30 சதுரம். சேர்த்தால் நாற்பதுக்கு நாற்பத்தெட்டு அங்குலம், ஒரு குழந்தைக்குப் போதும். வாரம் ஒரு சதுரம் தைத்தால் 30 வாரம். தைப்பூசம் முடிந்து தீபாவளிவரை எண்ணிப் பாருங்கள், முப்பத்தைந்து வாரத்துக்குக் குறையாது. மீதி ஐந்து வாரம் அடியில் பழைய சேலையை மடித்து வைத்து ஓட்டுத்தையல் போடுவதற்கு. ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் இரண்டு தைக்க முயலாதீர்கள். அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். அந்த ஒன்றைப் போர்வை இணைக்கும் வாரங்களில் சேர்த்துக்கொண்டால் போயிற்று. கைலியையும் நைலானையும் ஒரே போர்வையில் கலக்க வேண்டாம் என்பதும் பட்டறிந்து சொல்வது. இரண்டையும் ஒன்றாகத் தைத்து நாங்கள் ஒருமுறை துவைத்தபோது பருத்தி சுருங்கி, நைலான் பிதுங்கி, போர்வை பணியாரச் சட்டிபோல் ஆகிவிட்டது.

எல்லாம் முடிந்ததும் ஒரு மூலையில் மூன்று சொல்லுக்கு இடம் விடுங்கள். தைத்தவர் பெயர், ஆண்டு, எந்தத் தோட்டத்துத் துணி என்பது. நம் தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கும், பிறகு வீடமைப்புக்கும் மாறிவிட்டன. கிள்ளானைச் சுற்றிப் பெயர்ப்பலகைகூட இல்லாமல் போனவை எத்தனையோ. தோட்டத்தின் பெயர் தெரிந்த பாட்டி வீட்டில் இருக்கும்போதே கேட்டு, தமிழ் எழுத்தில், சங்கிலித் தையலில் தைத்துவிடலாம்.