நடுக்குவாதமும் நிர்ப்பீடனமும்: ஒரு வரலாற்று நோக்கு

உடலின் அசைவுகளை இயைபுபடுத்துவது மூளை. நோய்க்கிருமிகளை எதிர்ப்பது நிர்ப்பீடனத் தொகுதி. இவ்விரண்டையும் தொடர்பற்றனவாகவே மருத்துவ உலகு நெடுங்காலம் கருதி வந்தது. இக்கருத்து எவ்வாறு தளர்ந்தது என்பதை நடுக்குவாத ஆய்வின் வரலாற்றைக் கொண்டு நாம் ஈண்டு நோக்குவோம்.

1817இல் இந்நோயை முறையாக விவரித்தவர் யேம்ஸ் பாக்கின்சன். இலண்டன் மருத்துவரான இவர், பாராளுமன்றச் சீர்திருத்தம் வேண்டித் துண்டுப்பிரசுரங்கள் எழுதியவருமாவார். நடுமூளையின் கருநிறப் பகுதியில் நரம்புக்கலங்கள் அழிவதும், அதனால் டோபமைன் குன்றுவதும் இருபதாம் நூற்றாண்டில் தெளிவாகின. அக்கலங்கள் அழிவது ஏன் என்ற வினா எஞ்சியது.

அவ்வினாவுக்கு உதவவல்ல கண்டுபிடிப்பொன்று 1919இலேயே நிகழ்ந்திருந்தது. மூளையுள் இடம்பெயர்ந்து சிதைவுகளை விழுங்கும் மைக்குரோகிளியாக் கலங்களை ஸ்பானிய அறிஞர் பியோ தெல் ரியோ ஓர்த்தேகா இனங்கண்டார். உள்நாட்டுப் போரினால் நாடு துறந்த அவர், 1945இல் புவனெஸ் அயர்ஸில் காலமானார். 1948இல் பீற்றர் மெடவார், முயலின் மூளையில் ஒட்டிய அந்நியத் தோல் நிராகரிக்கப்படாதிருத்தலைக் காட்டினார். முன்னரே அத்தோலுக்கு எதிர்ப்புப் பெற்ற முயல்களில் அது நிராகரிக்கப்பட்டதையும் அவரே பதிவுசெய்தார். பின்வந்தோர் பலர் முற்கூற்றை மட்டும் பற்றி, மூளை நிர்ப்பீடனத்துக்கு அப்பாற்பட்டதென விதிசெய்தனர்.

1988இல் கனடாவில் பற்றிக் மக்கீர், எடித் மக்கீர் குழுவினர், இறந்த நோயாளரின் கருநிறப் பகுதியில் கிளர்வுற்ற மைக்குரோகிளியாக் கலங்களைக் கண்டனர். கலங்களிடையே செய்தி காவும் நிர்ப்பீடனப் புரதங்கள் சைற்றோகைன்கள் எனப்படும். அவற்றுள் ஒன்றான கட்டி நசிவுக் காரணி அல்பா, நோயாளரின் மூளையிலும் மூளைய முண்ணாண் பாய்பொருளிலும் மிகுந்திருப்பதை 1994இல் மொகி, நகற்சு முதலிய யப்பானிய ஆய்வாளர் அறிவித்தனர். அளவோடு சுரக்கையில் காக்கும் இப்புரதங்கள், ஓயாது சுரப்பின் நரம்புக்கலங்களையே ஊறுபடுத்த வல்லன.

எனினும், அழற்சி நோயின் காரணமா, விளைவா? 1982இல் கலிபோர்ணியாவில், போதைப்பொருளிற் கலந்திருந்த எம்.பி.ரி.பி. என்னும் நஞ்சினால் சிலர் அசைவிழந்தனர். இந்நஞ்சுக்குள்ளான மூவரின் மூளைகளை ஆய்ந்த லாங்ஸ்டன் குழுவினர் 1999இல் முடிவுகளை வெளியிட்டனர். நஞ்சேறி 3 முதல் 16 ஆண்டுகள் கழிந்தும் மைக்குரோகிளியாவின் கிளர்வு தணிந்திருக்கவில்லை. அழிவின் விளைவாகத் தோன்றிய அழற்சி, பின்னர் அழிவின் காரணமாகவும் மாறக்கூடும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் கருத்து.

அழற்சியைத் தணித்து இந்நோயின் வளர்ச்சியை நிறுத்தும் மருந்து இன்னும் நிறுவப்படவில்லை. ஓர்த்தேகாவின் கலங்கள் நடுக்குவாதத்தோடு தொடர்புபடுத்தப்பட ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் சென்றன. துறைகளைப் பிரித்துவைக்கும் கல்விமுறை நோயாளரிடமிருந்து எத்துணைக் காலத்தைப் பறிக்கிறது என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும்.