காட்டு மிளகாய் வளர்ப்பு

மிளகாய்ப் பேரினமான காப்சிகத்தில் 43 இனங்கள் இருப்பதாக 2022இல் வெளியான விரிவான வகைப்பாட்டு ஆய்வு கூறுகிறது. மனிதர் பயிராக்கியவை அவற்றுள் ஐந்தே. எஞ்சியவை அமெரிக்கக் கண்டங்களின் காடுகளிலும் மலைச்சரிவுகளிலும் தாமாக வளர்பவை. சிலவற்றை ஆர்வலர்கள் தொட்டியில் வளர்க்கிறார்கள்.

காட்டு மிளகாயின் இயல்பு பறவைகளால் உருவானது. பல இனங்களில் பட்டாணி அளவுள்ள பழம் மேல்நோக்கி நிற்கும், சிவந்து பழுக்கும், தொட்டாலே காம்பிலிருந்து கழன்று வரும். காரம் பாலூட்டிகளை விரட்டும். பறவைகளுக்கு அது உறைக்காது. விதையைக் கடித்து நொறுக்காமல் விழுங்கி, எச்சத்தில் பரப்புபவையும் அவையே. நம் ஊரின் காந்தாரி மிளகாய் யாரும் நடாமலே வேலியோரம் முளைப்பது இப்படித்தான்.

விதை முளைப்பதில்தான் பொறுமை வேண்டும். தோட்ட மிளகாய் இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும்; காட்டு விதைகள் ஒரு மாதத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளும், அதுவும் ஒன்று இன்று, ஒன்று பத்து நாள் கழித்து என்று. ஒரே மழையை நம்பி எல்லா விதையும் முளைத்து மடியாதிருக்க இந்த உறக்கம் உதவுகிறது. மண் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் இருக்க வேண்டும். பொட்டாசியம் நைட்ரேட் அல்லது ஜிப்ரெலிக் அமிலத்தின் நீர்த்த கரைசலில் ஊறவைப்பது முளைப்பை விரைவுபடுத்தும். முளைக்கவில்லையே என்று மண்ணைக் கொட்டிவிடுவதால் வீணாகும் விதைகளே அதிகம்.

பிறகு ஒவ்வொரு இனத்துக்கும் அதன் பிறந்த இடத்தை நினைவில் வைத்தால் போதும். அரிசோனாவிலும் வட மெக்சிகோவிலும் மரநிழலில் வளரும் சில்டெபினுக்குச் சல்லடை வெயில் ஏற்றது. சாதாரண மிளகாயின் காட்டு வடிவமான இதுவே தொடக்கக்காரர்களுக்குப் பொருத்தம். இதைக் காக்கவென்றே அரிசோனாவின் டுமாகாகோரியில் 1999இல் ஒரு வனப்பகுதி ஒதுக்கப்பட்டது. குவாத்தமாலாவின் மேகம் படியும் காடுகளைச் சேர்ந்த, காரமில்லாத லான்சியோலாட்டம் குளிர்ச்சியும் ஈரக்காற்றும் கேட்கும். சமவெளி மாடிக்கு அது ஒத்துவராது.

பொலிவியாவின் கார்டெனசி, ஊதா மணிப் பூக்களால் மிக அழகானது, வளர்ப்பவரை அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. செடி நிறையப் பூக்கும், காய் பிடிக்காது. தன் மகரந்தத்தை அது ஏற்பதில்லை. விதையிலிருந்து வந்த வேறொரு செடி பக்கத்தில் வேண்டும். அதே செடியின் போத்தை நட்டுப் பயனில்லை, மரபு ஒன்றே என்பதால். மென்மையான தூரிகையால் ஒரு செடியின் மகரந்தத்தை மற்றதன் பூவில் தடவலாம்.

கலாபகோஸ் தீவுகளில் மட்டும் இயற்கையாக வளரும் கலாபகோயென்சே, மெல்லிய ரோமம் போர்த்த இலைகளைக் கொண்டது. தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆனால் தோட்ட மிளகாயோடும் கலக்கும். அருகில் ஒரு குண்டு மிளகாய்ச் செடி இருந்தாலே அடுத்த தலைமுறை விதையின் தூய்மை போய்விடலாம். மொட்டு விரியுமுன் மெல்லிய வலைப்பையைக் கட்டி, பூத்ததும் கிளையைத் தட்டிவிட்டு, காய் பிடித்ததும் அந்தக் காம்பில் நூல் கட்டி அடையாளமிட வேண்டும். தீவுகளிலிருந்து விதை எடுத்துவரச் சட்டம் அனுமதிப்பதில்லை. எனவே ஏற்கெனவே வளர்ப்பிலிருக்கும் செடிகளின் விதையை, அதன் வழிமரபு எழுதி வைத்திருப்பவரிடமே வாங்க வேண்டும்.