ஓட்டு வாங்கிய நீதிபதி

தில்லியில் உள்ள கோர்ட் ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் அஹல்மத்தாக, அதாவது வழக்குக் கட்டுகளைக் காக்கும் எழுத்தராக, வேலை பார்த்து 2010ல் ஓய்வு பெற்றவன் நான். நீதிபதிகள் வருவதையும் மாற்றலாகிப் போவதையும் பார்த்தே வயசானவன். ஆகவே 2022 அக்டோபரில் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து புளூமிங்டன் நகரில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது கண்ட ஒரு காட்சி என்னைத் திகைக்க வைத்தது. வீட்டு வாசல் புல்தரையில் சின்னச் சின்னப் பலகைகள். "இன்னாரை நீதிபதியாகத் தேர்ந்தெடுங்கள்" என்று எழுதியிருந்தது.

"என்னடா இது, ஜட்ஜுக்குமா ஓட்டு?" என்றேன்.

"ஆமாம்ப்பா, இங்கே கீழ்க்கோர்ட் ஜட்ஜும் ஜனங்ககிட்ட ஓட்டு வாங்கித்தான் வரணும். ஆறு வருஷம் கழிச்சு, இவர் தொடரலாமா வேண்டாமான்னு மறுபடியும் கேட்பாங்க. நூத்துக்கு அறுபது பேர் சரின்னு சொல்லணும்" என்றான் மகன்.

நம் நாட்டில் மாவட்ட நீதிபதியை உயர் நீதிமன்றத்தைக் கலந்துகொண்டு ஆளுநர் நியமிக்கிறார். அரசியல் சாசனத்தின் 233ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஓட்டுக் கேட்கும் நீதிபதியை நாம் கண்டதில்லை. ஆனால் எனக்கு ஒரு பழைய நினைவு வந்தது. நம் ஊர்க்காரர் ஒருவர் வாடகை வழக்குக்காகக் கோர்ட்டுக்கு வந்தார். என்னைத் தமிழன் என்று தெரிந்துகொண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சார், இந்த ஜட்ஜ் ஐயா யாருக்கு வேண்டியவர்?" என்பதுதான். சட்டம் என்ன சொல்கிறது என்று அவர் கேட்கவில்லை. ஓட்டே இல்லாத இடத்திலும் இந்தச் சந்தேகம் இருக்கத்தான் செய்கிறது.

அதே புளூமிங்டனில் இந்தக் கேள்விக்கு உரைகல்லாக வாழ்ந்த ஒரு மனிதரின் மாளிகை இருக்கிறது. அவர் பெயர் டேவிட் டேவிஸ். மகன் அழைத்துப்போய்க் காட்டினான். அதன் பிறகு அவரைப் பற்றிப் படித்ததைத்தான் இங்கே அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

டேவிஸ் 1815ல் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தவர். சட்டம் படித்துவிட்டு, பிழைப்பைத் தேடி மேற்கே வந்து 1836ல் புளூமிங்டனில் குடியேறினார். நம்மைப் போல அவரும் வந்தேறிதான்! 1840ல் மாநில செனட்டுக்கு நின்று தோற்றார். பின்னர் மாநிலச் சட்டசபைக்குப் போனார். 1847ல் இல்லினாய்க்குப் புதிய அரசியல் சாசனம் எழுதிய மாநாட்டிலும் உறுப்பினராக இருந்தார்.

அதுவரை அங்கே நீதிபதிகளைச் சட்டசபைதான் தேர்ந்தெடுத்து வந்தது. கட்சிக்காரர்கள் தங்களுக்குள் பதவியைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்ற குறை அந்தக் காலத்து அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் எழுந்தது. அதற்கு மருந்தாகத்தான் மக்கள் ஓட்டு வந்தது. 1848ல் நடைமுறைக்கு வந்த புதிய சாசனப்படி வட்டார நீதிபதியின் பதவிக்காலம் ஆறு ஆண்டு. அந்த முதல் தேர்தலிலேயே டேவிஸ் நின்று, எட்டாவது நீதி வட்டாரத்தின் நீதிபதியானார். 1855லும் 1861லும் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவருடைய வட்டாரத்தில் முதலில் பதினான்கு மாவட்டங்கள் இருந்தன. வசந்த காலத்தில் ஒரு சுற்று, இலையுதிர் காலத்தில் ஒரு சுற்று. குதிரையிலும் வண்டியிலும் சேற்றிலும் மழையிலும் ஊர் ஊராகப் போய்க் கோர்ட் நடத்த வேண்டும். டேவிஸ் மிகப் பருத்த சரீரம். 300 பவுண்டு எடை இருப்பார் என்பார்கள். கடன் பாக்கி, நில எல்லைத் தகராறு, அவதூறு என்று நம்ம ஊர் முன்சீப் கோர்ட்டில் வருகிற அதே வழக்குகள்தான். கூடவே வக்கீல்களும் பயணம் செய்வார்கள். இரவில் நீதிபதியும் வக்கீல்களும் ஒரே சத்திரத்தில் தங்கி, ஒரே மேஜையில் சாப்பிட்டுக் கதை பேசுவார்கள். அந்த வக்கீல்களில் ஒருவர்தான் ஆபிரகாம் லிங்கன்.

டேவிஸ் ஊரில் இல்லாத சில நாட்களில், தம் நாற்காலியில் லிங்கனையே உட்கார வைத்து வழக்கு கேட்கச் சொல்லியிருக்கிறார். லிங்கனுக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை, நியமன உத்தரவும் இல்லை! அது மட்டுமா? 1860 மே மாதம் சிகாகோவில் குடியரசுக் கட்சி மாநாடு கூடியபோது, லிங்கனுக்காக ஆள் சேர்த்து, பிற மாநிலப் பிரதிநிதிகளோடு பேசி, மூன்றாம் சுற்றில் அவரை ஜனாதிபதி வேட்பாளராக்கியதில் முதன்மையானவர் டேவிஸ். அப்போதும் அவர் பதவியில் இருந்த நீதிபதி. நம் ஊரில் இப்படி நடந்தால் என்ன பேச்சு எழும் என்று எண்ணிப் பாருங்கள்.

1862ல் லிங்கன் தம் நண்பரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமித்தார். நன்றிக்கடன் தீர்ந்தது, இனி இவர் லிங்கனின் ஆள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் நடந்தது வேறு. உள்நாட்டுப் போரின்போது இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த மில்லிகன் என்ற குடிமகனுக்கு ராணுவ நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. லிங்கன் அரசு உண்டாக்கிய ஏற்பாடு அது. 1866ல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. சாதாரண நீதிமன்றங்கள் திறந்து நடந்துகொண்டிருக்கும் இடத்தில் குடிமக்களை ராணுவம் விசாரிக்கக் கூடாது, போர்க்காலத்திலும் சாசனம் ஆள்வோரையும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பு எழுதியவர் டேவிஸ். மறைந்த நண்பரின் சொத்தைக் கூலி வாங்காமல் பராமரித்து, 1,10,000 டாலருக்கு மேல் குடும்பத்துக்குச் சேர்த்துக் கொடுத்தவரும் இதே டேவிஸ்தான். நட்பு வேறு, தீர்ப்பு வேறு என்று காட்டிவிட்டார்.

இந்த இடத்தில் எனக்கு 1976 ஏப்ரல் 28 நினைவுக்கு வருகிறது. நான் வேலையில் சேர்ந்த புதிது. நெருக்கடி நிலையில் காவலில் வைக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் முறையிட முடியாது என்று நம் உச்ச நீதிமன்றத்தில் நால்வர் சொன்னார்கள். நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். மறு வருஷம் தலைமை நீதிபதி பதவி அவருக்குக் கிடைக்காமல் போக, அவர் ராஜினாமா செய்தார். பெரும்பான்மைத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே 2017ல் சொன்னது. அந்த ஐவரில் யாரும் ஓட்டு வாங்கி வந்தவரல்லர். அப்படியும் நால்வர் தவறினார்கள்.

டேவிஸின் கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1876 ஜனாதிபதித் தேர்தலில் 20 தேர்வாளர் ஓட்டுகள் தகராறில் சிக்கின. முடிவு சொல்லப் பதினைந்து பேர் குழு. இரு கட்சிக்கும் ஏழேழு பேர். நடுநிலையான பதினைந்தாமவர் டேவிஸ்தான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அந்தச் சமயம் பார்த்து, 1877 ஜனவரியில் இல்லினாய் சட்டசபை அவரை அமெரிக்க செனட்டுக்குத் தேர்ந்தெடுத்தது. அவர் குழுவில் உட்கார மறுத்து, செனட்டுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த நீதிபதி பிராட்லி தம் கட்சியோடு நிற்க, 8க்கு 7 என்று ஹேஸ் ஜனாதிபதியானார். தெற்கே கறுப்பின மக்களுக்குக் காவலாக நின்ற மத்திய அரசின் படை அதன் பிறகு விலக்கப்பட்டது. அவர்களுடைய ஓட்டுரிமை பல்லாண்டுக் காலம் பறிபோயிற்று. டேவிஸ் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர் தேவைப்பட்ட நாளில் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது.

டேவிஸ் 1886ல் புளூமிங்டனிலேயே காலமானார். அந்த மாளிகை வாசலில் நின்றபோது மகன் கேட்டான்: "அப்பா, எது நல்லது? ஓட்டா, நியமனமா?"

"ஓட்டு வாங்கி வந்தவன் ஓட்டர் முகத்தைப் பார்ப்பான். நியமனத்தில் வந்தவன் சர்க்கார் முகத்தைப் பார்ப்பான். ரெண்டு முகத்தையும் பார்க்காம கட்டைப் பிரிச்சுப் படிக்கிறவன்தான் ஜட்ஜ்" என்றேன்.

வாடகை வழக்கு நண்பருக்கு அன்று நான் சொல்லாமல் விட்ட பதிலும் அதுதான். அந்த நாற்காலியில் இருப்பவர் யாருக்கு வேண்டியவர் என்று நாம் கேட்பதை நிறுத்தினால், தாம் யாருக்கும் வேண்டியவராக இருக்க வேண்டியதில்லை என்ற தைரியம் அவருக்கும் கொஞ்சம் வரும்.