இடுப்பைப் பிடித்துவிடும் கைகளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு



இடுப்பு டிஸ்க் தொந்தரவுக்காகப் பிசியோதெரபி நிலையம் போனவர்கள் எஃப்ளராஜ், பெத்ரிஸாஜ், தப்போத்மான் போன்ற சொற்களைக் கேட்டிருக்கலாம். புதுவையில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் போன்றவர்களுக்கு இவை பழகிய சொற்கள்தான். எஃப்ளரே என்றால் பட்டும் படாமலும் தடவுவது. பெத்ரீர் என்றால் பிசைவது. ரொட்டிக்கடைக்காரர் மாவுக்குச் செய்வதை இவர்கள் நம் முதுகுத் தசைக்குச் செய்கிறார்கள். தப்போத்தே என்றால் தட்டிக்கொடுப்பது.

வேடிக்கை என்னவென்றால், சொல் பிரெஞ்சு, முறைக்குப் பெயர் 'ஸ்வீடிஷ் மசாஜ்', இதை வகைப்படுத்தியவராகச் சொல்லப்படுபவரோ ஹாலந்து நாட்டு வைத்தியர். ஸ்வீடனில் பெர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். அதனால் பெயர் அந்த நாட்டுக்குப் போயிற்று. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த யோகான் மெட்ஸ்கர் கணுக்கால் சுளுக்கைத் தேய்ப்பு முறையால் ஆற்றுவது பற்றி 1868இல் ஆய்வேடு எழுதினார். கைமுறைகளைப் பிரித்துப் பிரெஞ்சுப் பெயரிட்டது அவர் வழி வந்த மரபு என்கிறார்கள். அரச குடும்பத்தினர்கூட அவரிடம் வைத்தியத்துக்கு வந்தார்கள்.

பிரான்சின் கிராமங்களில் இதற்கும் முன்பிருந்தே 'ரெபூத்தே' என்ற எலும்பு வைத்தியர்கள் இருந்தார்கள், நம் ஊர் வர்ம வைத்தியர், எண்ணெய் போட்டு நீவுபவர் மாதிரி. மசாஜையும் உடற்பயிற்சி வைத்தியத்தையும் ஒரே தொழிலாக்கி, அரசுப் பட்டயம் கட்டாயம் என்று அங்கே சட்டம் வந்தது 1946 ஏப்ரல் 30ஆம் தேதி.

இத்தனை காலமும் இடுப்பைப் பிடித்துவிட்டவர்களுக்கு டிஸ்க் பற்றித் தெளிவாகத் தெரியாது. கால் வரை இறங்கும் வலியை நரம்பு அழற்சி என்றும் வாதம் என்றும் சொல்லி வந்தார்கள். 1934இல்தான் பாஸ்டன் நகரின் மிக்ஸ்டர், பார் என்ற இரு அறுவை மருத்துவர்கள், டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதே பலருக்குக் காரணம் என்று எழுதினார்கள்.

டிஸ்க் என்பது வெளியே நார் வளையமும் உள்ளே கூழும் கொண்டது. அது முதுகெலும்புக் கட்டைகளுக்கு இடையில், ஆழத்தில் இருக்கிறது. முதுகில் எவ்வளவு அழுத்தினாலும் கை அங்கே எட்டாது. "பிதுங்கியதை உள்ளே தள்ளிவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். பிதுங்கிய பகுதி பலருக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் தானே சுருங்கிவிடுகிறது.

அப்படியானால் கையால் என்ன பயன்? வலியால் இடுப்புத் தசைகள் இறுகிக் கட்டையாகிவிடும். அந்த இறுக்கமே மேலும் வலி தரும். மெதுவாகப் பிசைந்து தளர்த்தினால் சில நாளைக்கு வலி குறையும். அந்த இடைவெளியில் நடக்கவும், சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்யவும் முடிகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் நாற்காலியில் குனிந்து கோப்பு எழுதிய என் இடுப்புக்கு நல்லது செய்தது அந்தக் கைகளும், பிறகு வந்த நடையும் சேர்ந்துதான்.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னும் ஒன்று. எலும்பு மெலிவு உள்ளவர்கள், ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், புற்றுநோய் வந்து போனவர்கள் டாக்டரைக் கேட்காமல் முதுகைக் கொடுக்கக் கூடாது. முதுகுவலியோடு காய்ச்சல் இருந்தாலும் அப்படியே. சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, தொடை நடுவில் மரத்துப்போனாலோ, காலில் பலம் குறைந்துகொண்டே வந்தாலோ எண்ணெய்ப் புட்டியைத் தேடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது தள்ளிப்போடக்கூடிய காரியம் அல்ல.