நா வல்ல ஊர்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருநாவலூருக்கு நாவல் மரத்தால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். எனக்கோ அதை 'நா வல்ல ஊர்' என்று பிரித்துப் படிக்கவே ஆசை. சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர் அல்லவா?

சேக்கிழார் சொல்லும் கதை நேயர்கள் அறிந்ததுதான். 'உன்னைப் பிரியேன்' என்று திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்த சுந்தரர், திருவாரூர் நினைவு வரவே புறப்பட்டுவிட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் இருண்டன. விதியை நொந்து உட்கார்ந்துவிட்டாரா? இல்லை. இறைவனிடம் வழிநெடுக வழக்காடினார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல்தான் கிடைத்தது, அவர் ஓயவில்லை. காஞ்சியில் இடக்கண் பெற்றார். ஆரூரில் வலக்கண்ணும் பெற்றார்.

பக்தர்கள் இதில் அருளைக் காண்கிறார்கள். நான் ஒரு நோயாளியின் உரிமையையும் காண்கிறேன். பிழை செய்தவருக்கும் தம் வலியைச் சொல்லிப் பரிகாரம் கேட்க வாயுண்டு! 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. 'குடித்தவர்கள்தானே!' என்று சொன்னவர்கள் இந்தக் கதையை மறந்தவர்கள்.

ஆனால் எல்லாருக்கும் சுந்தரரின் நா வாய்ப்பதில்லை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவரும் கிழவிக்கு டாக்டரைக் கண்டதும் நா ஒட்டிக்கொள்கிறது. அவளுக்காகப் பேசுவது யார்?

அப்படிப் பேசுவதையே ஒரு படிப்பாக்கி, 1980-இல் நியூயார்க் மாநிலத்துச் சாரா லாரன்ஸ் கல்லூரி முதுகலை வகுப்புத் தொடங்கியது. நம் நாட்டில் முதலில் பேசியது நீதிமன்றம். கட்டண மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரிகள் அதில் சேரவில்லை. காசு கொடுத்தவருக்குக் கதவு திறந்தது. நம் கிழவி வெளியேதான் நின்றாள்.

அவளுக்கு மிஞ்சிய நம்பிக்கை டாக்டரின் செவி ஒன்றே. 2019-இல் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குப் புதிய பாடத்திட்டம் வந்தபோது, நோயாளியிடம் பேசும் முறையும், சம்மதம் பெறும் நெறியும், துயரச் செய்தியைச் சொல்லும் பக்குவமும் முதலாண்டிலிருந்தே பாடமாயின. 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சிக்கும் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

எலும்பையும் நரம்பையும் புத்தகம் கற்றுக் கொடுத்துவிடும். 'எங்கே வலிக்கிறது, ஆத்தா?' என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கும் பொறுமையைப் பயின்றுதான் பெற வேண்டும். அதைப் பெற்ற மாணவன், நாளை பெரிய டாக்டரிடம் அவளுக்காக வழக்காடவும் துணிவான்.